தேர்ந்தெடுத்த ஆள் காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால்

போன வாரம் துறையிலிருந்து நீங்கள் மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். நாலாம் வருட மாணவர்களைச் சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்கு அழைத்துப் போகிறோம், பாதியில் நின்ற கணக்கெடுப்பை முடிக்கப் போகிறோம், முன்னால் செய்தவர் நீங்கள், ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நான் எங்கள் ஊர் பெருமாட்டியில் மழை எப்படி, தேங்காய்க் காய்ப்பு எப்படி என்று பேசியே உங்களை அனுப்பிவிட்டேன். போகும்போது மேசைமேல் ஒரு சம்மதபத்திரம் வைத்துவிட்டுப் போனீர்கள். என் மகள் கீர்த்தனாவும் உங்கள் மாணவி. அவள் வர வேண்டுமென்றால் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். ஆறு நாளாக அந்தத் தாள் அங்கேயே கிடக்கிறது. என் மனைவி மேசையைத் துடைக்கும்போது அதை எடுத்து, துடைத்துவிட்டு, அதே இடத்தில் வைக்கிறாள்.

கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன்பு, அன்று சொல்லாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

இருபத்தெட்டு வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். அதில் இருபத்தேழு வருடம், ஆராய்ச்சி என்பது எங்கோ வேறு ஆட்கள் செய்வது, நம் வேலை பாடம் நடத்துவது என்று இருந்தேன். மூன்றாம் வருட மாணவர்கள் ஒரு ப்ராஜெக்ட் எழுதித் தர வேண்டும். துறை அலமாரியில் பழைய ப்ராஜெக்டுகள் வரிசையாக இருக்கும். ஒருவன் ஒன்றை எடுப்பான், ஊர்ப் பெயரை மாற்றுவான், எண்களைக் கொஞ்சம் அசைப்பான். ஒரு வருடம் சோம்பல் அதிகமாகி எண்களைக்கூட அசைக்கவில்லை. இரண்டு ஊர்த் தென்னைகளும் இரண்டு தசமம் வரை ஒரே சராசரியில் காய்த்தன. நானும் மார்க் போட்டேன்.

அதை மாற்றியது முருகேஸ்வரி. அவள் சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த பெண், எங்கள் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தாள். கீர்த்தனாவின் வகுப்புதான். மூன்றாம் வருடம் நான் கருதுகோள் சோதனை நடத்திக்கொண்டிருந்தேன். நாணயத்தைச் சுண்டினால் தலை எத்தனை, பூ எத்தனை என்று வழக்கமான உதாரணம். அவள் எழுந்து நின்றாள்.

"சார், ஏலக்காட்டுல மருந்தடிச்ச மறுநாள் எங்கம்மா காலையில எந்திரிக்கவே மாட்டாங்க. தலைசுத்தும்பாங்க. எப்பவும் இல்ல, சில தடவதான். அது மருந்தாலயா, சும்மா வாரதான்னு எப்படி சார் பாக்கிறது?"

வகுப்பு சிரித்தது. பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "உங்கம்மாவையே சுண்டிப் பாரு" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தேழு வருடத்தில் ஒரு மாணவி தனக்கு உண்மையிலேயே விடை தேவைப்படும் கேள்வி ஒன்றை என்னிடம் கேட்டது அதுதான் முதல் முறை. அன்று பாடத்தை நிறுத்திவிட்டு அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். அந்த வருட ப்ராஜெக்ட் முழுவதும் அதுதான் என்று முடிவாயிற்று.

இரண்டு மாதம் வகுப்பிலேயே தயாரித்தோம். தோட்டத்துப் பெயர்ப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் அறுபது பெண்களைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துக் கேட்க வேண்டும். நான் இரண்டு விதி சொன்னேன். பலமுறை சொன்னேன். முதல் விதி, பட்டியலில் வந்த ஆளை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் ஆளைக் கேட்டு எழுதக் கூடாது. வசதிக்காக ஒரு ஆளை மாற்றினால் கணக்கே கெட்டது. இரண்டாவது, படிவத்தில் கட்டங்களைத் தவிர வேறெங்கும் எழுதக் கூடாது. மருந்தடித்த காட்டில் வேலை செய்தாரா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூச்சியம். அவ்வளவுதான்.

இரண்டும் சரியான விதிகள். பாடப்புத்தகத்தில் இருப்பவை. இப்போதும் அவை தவறு என்று நான் சொல்லவில்லை.

முன்னோட்டமாக விடுமுறையில் ஊருக்குப் போனபோது முருகேஸ்வரி பத்துப் படிவம் நிரப்பி வந்தாள். ஓரங்களில் பென்சிலால் ஏதேதோ எழுதியிருந்தாள். மருந்து டப்பாவின் நிறம், யார் அடித்தது, காற்று எந்தப் பக்கம். நான் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்தத் தாள்களைத் தூக்கிக் காட்டினேன்.

"இது என்னம்மா, கணக்கெடுப்பா, காதல் கடிதமா? இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல எந்த இடத்துல ஏத்தறது?"

"தெரியல சார். சும்மா, இருக்கட்டும்னுதான்."

"இருக்கட்டும்னு எழுதறது ஆராய்ச்சி இல்ல."

அவள் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தாள். வகுப்பில் அன்றும் சிரித்தார்கள். நான் சொன்னதில் ஒரு திருப்தியும் இருந்தது எனக்கு. அதை மறைக்காமல் சொல்கிறேன்.

வேனில் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு போனோம். கீர்த்தனாவை அனுப்பலாமா என்று எனக்கு அப்போதே ஒரு உறுத்தல். அவள் சிறுவயதில் இழுப்பு வந்த குழந்தை. ஆனால் மற்ற பதினோரு பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு என் பெண்ணை மட்டும் வீட்டில் வைத்தால் நன்றாகவா இருக்கும்? ஏற்கெனவே வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் "சாரோட சாம்பிள்". அவள் நல்ல மார்க் வாங்கினால் அப்பா போட்டது, குறைந்தால் அப்பா நடிக்கிறார். அதனால் எந்த விஷயத்திலும் மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே விதிப்படி நடப்பாள். அது எனக்குத் தெரியும். அது ஒரு ஆபத்து என்று மட்டும் தோன்றவில்லை.

தோட்டத்துக்குப் போக ஜீப்தான். ஜீப் ஓட்டியவர் முதல் நாளே கேட்டார், "கணக்கு வாத்தியாருக்கு ஏலக்காட்டுல என்ன சார் சோலி? செடிய எண்ணப் போறீயளா?" பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டு பேர் இரண்டு பேராகப் பிரிந்து போய் இருபத்தைந்து பெண்களைப் பார்த்து முடித்தார்கள்.

மூன்றாம் நாள் பன்னிரண்டு மணி இருக்கும். நான் தோட்டத்துச் சாலையோரத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, வந்த படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். முருகேஸ்வரி போன் செய்தாள்.

"சார், கீர்த்தனாவுக்கு ஒரு மாதிரியா இருக்கு சார். வாந்தி எடுத்துட்டா. கண்ணு மங்குதுங்கிறா. வேர்த்து ஊத்துது."

"என்ன ஆச்சு? எங்கே இருக்கீங்க?"

"லயத்துல, எங்க வீட்டுல சார். துணியெல்லாம் கழத்திட்டு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிட்டேன். எங்கம்மா நைட்டியப் போட்டு விட்டிருக்கேன். ஜீப்புக்குச் சொல்லியாச்சு. நீங்க ரோட்டுலயே நில்லுங்க சார், வந்து ஏத்திக்கிறோம்."

நடந்தது இதுதான். பட்டியலில் அடுத்த பெயருக்குரிய பெண், சரிவில் கீழ்ப்பக்கம் காய் பறித்துக்கொண்டிருந்தார். நடுவில் இருந்த காட்டில் அன்று காலைதான் மருந்து அடித்திருந்தார்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும், தெரியும்தானே. இலை இன்னும் ஈரம். முருகேஸ்வரி, "அங்கன போகாத. நாளைக்கி வந்து கேட்டுக்கலாம். இல்லாட்டி அந்தா நிக்கிறாங்கள்ல, அந்த அக்காட்ட கேப்போம்" என்று சொல்லியிருக்கிறாள். அந்தச் சரிவுக்கு அன்று ஒரு நாள்தான் ஒதுக்கியிருந்தோம். கீர்த்தனா, "ஆள மாத்தக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டு, குறுக்கே நடந்து போய், கேள்விகளையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, அதே வழியில் திரும்பி வந்திருக்கிறாள். அந்தப் படிவம் பிறகு எனக்குக் கிடைத்தது. ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருந்தாள்.

ஜீப்பில் அவள் தலை என் மடியில். வாயில் எச்சில் ஊறி வழிந்துகொண்டே இருந்தது. "அப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள், கண்ணைத் திறக்காமல். ஜீப் ஓட்டியவர் வளைவுகளில் ஹாரனை விடாமல் அடித்தார்.

மருத்துவமனையில் மலையாளி டாக்டரம்மா ஒருவர். கண்மணியில் டார்ச் அடித்துப் பார்த்த உடனே ஊசி போடச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அச்சனா, அப்பாவா? சரி. இந்த ஊசி கொடுத்துட்டே இருப்போம். ஆனா தோட்டத்துல அடிக்கிற மருந்து பல விதம் உண்டு. இன்ன மருந்துன்னு தெரிஞ்சால் இன்னொரு ஊசியும் இப்பவே துடங்கலாம். தெரியாம அது கொடுக்க எனக்கு மனசில்ல. மருந்தோட பேர் என்ன?"

என் பையில் முப்பது படிவங்கள் இருந்தன. மருந்தையும் உடம்பையும் பற்றி இரண்டு மாதம் யோசித்துத் தயாரித்த படிவங்கள். நான் அவற்றை எடுத்தேன், எடுத்துப் புரட்டினேன். ஒன்று. பூச்சியம். ஒன்று. ஒன்று. மருந்து உண்டா இல்லையா என்று எல்லாவற்றிலும் இருந்தது. என்ன மருந்து என்று ஒன்றில்கூட இல்லை. அதற்கு ஒரு கட்டமே நான் வைக்கவில்லை. எத்தனையோ பெயர் வரும், அட்டவணையில் அடங்காது என்று நானே எடுத்துவிட்டேன்.

தோட்டத்துச் சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன்.

"எப்பவும் அடிக்கிற மருந்துதான் சார்."

"பேர் வேணும். டாக்டர் கேக்கறாங்க."

"பேரெல்லாம் ஸ்டோர்லதான் சார் இருக்கும். ஸ்டோர்க்காரரு ஒரு கல்யாணத்துக்குப் போடி டவுனுக்குப் போயிருக்காரு. சாவி அவருட்ட இருக்கு. நீங்க பயப்படாதீங்க, ரெண்டு மோர் குடிச்சா சரியாப் போயிரும்."

அந்த நேரத்தில் என் மனைவி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, பாப்பா போன எடுக்க மாட்டேங்கறாளுங்க. சாப்புட்டாளா?"

"சாப்பிட்டா. காட்டுக்குள்ள இருக்கா, சிக்னல் இல்ல."

"உங்க கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்குது?"

"குளிர்."

முப்பது வருடத்தில் அவளிடம் நான் அவ்வளவு சரளமாகப் பொய் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவள் என்னை முழுதாக நம்பியதுமில்லை, அதைக் குறை சொல்லவும் முடியாது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் முருகேஸ்வரி பக்கத்தில் நிற்கிறாள். கையில் அன்று காலை அவள் நிரப்பிய படிவம்.

"சார், திட்டாதீங்க. ஓரத்துல எழுதாதன்னு சொன்னீங்கல்ல. அதான் பின்பக்கம் எழுதிட்டு வந்தேன்."

தாளைத் திருப்பினேன். பென்சிலில், பெரிய ஆங்கில எழுத்துகளில், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைந்தது போல ஒரு பெயர். கீழே, "வெள்ள டப்பா, செவப்புக் கட்டம். மேக்காட்டுல இன்னிக்குக் காலையில அடிச்சது" என்று இருந்தது. மருந்தடித்தவர் தூக்கிப் போட்டிருந்த காலி டப்பாவைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

டாக்டரம்மா அந்தப் பெயரைப் படித்ததும் நர்சை அழைத்து ஏதோ சொன்னார். இரண்டாவது ஊசிக்கு ஆட்கள் ஓடினார்கள். அதன் பிறகுதான் தாளைப் பார்த்து, "இது யார் எழுதினது?" என்றார்.

"நாந்தான் மேடம்."

"மிடுக்கி," என்றார் டாக்டரம்மா. கெட்டிக்காரி என்று அர்த்தம். நான் அந்த வார்த்தையை அவளிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மறுநாள் காலை கீர்த்தனா எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். நான் அழுதுவிடக் கூடாது என்று கோபப்பட்டேன்.

"உனக்குன்னு சொந்தமா அறிவு வேண்டாமா? அந்தப் பொண்ணு போகாதேன்னு சொல்லியிருக்கா இல்ல?"

"நீங்க மாத்தக் கூடாதுன்னு சொன்னீங்க."

"அதுக்காக விஷத்துக்குள்ள நடக்கச் சொன்னேனா?"

"நடக்க வேண்டாம்னும் சொல்லலையே அப்பா. அந்த ஆளைப் பாக்க முடியலைன்னா என்ன எழுதறதுன்னு நீங்க சொல்லவே இல்ல. கட்டமும் இல்ல. காலியா விட்டு வந்தா, வாத்தியார் பொண்ணு வேலை செய்யாம ஏமாத்திட்டான்னுதான் சொல்வாங்க."

அவள் சொன்னது உண்மை. "சந்திக்க இயலவில்லை" என்று ஒரு கட்டம் எல்லாக் கணக்கெடுப்பிலும் உண்டு. எனக்கு அது தெரியாதா? தெரியும். அப்படி ஒரு கட்டம் வைத்தால் பிள்ளைகள் சோம்பேறித்தனமாக அதில் டிக் அடித்துவிட்டு வருவார்கள் என்று எடுத்துவிட்டேன். பழைய ப்ராஜெக்டுகளைப் பார்த்துப் பார்த்து, மாணவர் என்றால் ஏமாற்றுபவர் என்று என் மனதில் பதிந்துபோயிருந்தது. ஏமாற்றுபவர்களைத் தடுக்க நான் போட்ட வேலி, ஏமாற்றவே தெரியாத ஒருத்தியைக் கொண்டுபோய் விட்ட இடம் அது.

அன்றே கணக்கெடுப்பை நிறுத்தினேன். வேனில் ஏறும் முன் பிள்ளைகளிடம் சொன்னேன், "போதும். கிடைச்சதை வெச்சு எழுதிக்கலாம். உயிரைவிட ப்ராஜெக்ட் பெரிசில்ல." எல்லோரும் தலையாட்டினார்கள். முருகேஸ்வரி மட்டும் ஆட்டவில்லை.

"மிச்சம் இருபத்தெட்டுப் பேரு சார்?"

"வேண்டாம்மா. பார்த்தே இல்ல, என் பொண்ணு கெடந்த கெடைய."

"பாத்தேன் சார். அவளுக்கு ஒரு நாளு. எங்கம்மா திங்கக்கெழம மறுபடி போகணும்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள். நான் வேனில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

பாதிக் கணக்கை வைத்து அவள் ப்ராஜெக்ட் எழுதினாள். நான் முழு மார்க் கொடுத்தேன். அவள் துறைக்கு வந்து நன்றி சொன்னாள், பிறகு, "அப்ப விடை என்ன சார்? மருந்தாலயா, இல்லையா?" என்று கேட்டாள். இந்த எண்ணிக்கையில் சொல்ல முடியாது என்றேன். "சரி சார்" என்று போய்விட்டாள். அந்த வருடக் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். பிரிவு உபசார விழாவில் துறையில் ஆராய்ச்சியைப் புகுத்தியவர் என்று என்னைப் பாராட்டிப் பேசினார்கள். மாலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நீங்கள் அந்த இருபத்தெட்டுப் பேரைத் தேடிப் போகிறீர்கள். முருகேஸ்வரி உங்களோடு வருகிறாள், என் மகளும் வர நினைக்கிறாள். போகலாமா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில், போக வேண்டும். கேள்வி அந்தப் பிள்ளைகளுடையது. விடை தெரியாமல் பட்டம் வாங்கிக்கொண்டு போகச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் பாடம் நடத்துகிறவனே ஆராய்ச்சியையும் நடத்தும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. வகுப்பில் நாம் சொல்வதைப் பிள்ளைகள் தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள், பாதகமில்லை. களத்தில் நாம் சொன்னதை அவர்கள் உடம்பால் செய்வார்கள். மார்க் நம் கையில் இருக்கும்வரை, "இது சரியில்லை சார்" என்று சொல்வது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது நமக்குத் தெரியவே தெரியாது. பயந்துபோய்த் தாளின் பின்பக்கம் எழுதுவார்கள், அதுவும் எல்லோரும் எழுத மாட்டார்கள். எந்த ஊருக்குப் போகிறீர்களோ அந்த ஊர்ப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், படிவத்தை அச்சடிக்கும் முன்பு அவளிடம் கொடுத்து, இதில் என்ன இல்லை என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். எனக்கு அது கடைசிவரை வரவில்லை.

இவ்வளவும் தெரிந்தும் ஆறு நாளாக என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. நேற்று விடுதிக்குப் போன் செய்து கீர்த்தனாவிடம் பேசினேன். சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் சொன்னேன்.

"பாரு, போறதானா போ. ஆனா மருந்தடிச்ச காட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தா, பாக்க முடியலைன்னு எழுதிட்டுத் திரும்பி வந்துடு. ஒரு வரி காலியா இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது. யார் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன்."

பின்னால் விடுதிப் பெண்கள் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது.

"இத எங்கிட்ட மட்டும் சொல்லாதீங்க அப்பா," என்றாள். "பன்னெண்டு பேர் போறோம். மத்தவங்க அப்பா யாரும் வாத்தியார் இல்ல."

அதனால்தான் உங்களுக்கு எழுதினேன். வண்டி ஏறும் முன்பு பன்னிரண்டு பேரையும் நிறுத்தி வைத்து இதை நீங்கள் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது.

சம்மதபத்திரம் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது. அலுவலகத்தில் சந்தேகப்பட்டுக் கேட்டால் என்னுடையதுதான் என்று சொல்லுங்கள்.